மணமகள் இல்லாத மணவிழா: தெலாக்ருவாவின் தாஞ்சியர் ஓவியத்தை எப்படிப் படிப்பது?

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ‘மொரொக்கோவில் யூதத் திருமணம்’ என்ற ஓவியத்தில் மணமகள் இல்லை. மணமகன் யாரென்று அடையாளம் காட்டவும் முடியாது. ஒரு வீட்டின் நடுமுற்றம். வெயில் பட்டு ஒளிரும் வெள்ளைச் சுவர். மாடியில் பச்சை வண்ண மரவேலைப்பாடு, அங்கிருந்து எட்டிப் பார்க்கும் சிலர். சுவரடியில் தரையில் அமர்ந்து வாசிக்கும் இசைக்காரர்கள். இருபுறமும் நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தும் நின்றும் இருக்கும் விருந்தினர்கள். இத்தனை பேருக்கு நடுவே ஒரே ஒரு பெண் ஆடுகிறாள். எஜேன் தெலாக்ருவா 1832இல் தாஞ்சியர் நகரில் கண்ட ஒரு கல்யாணத்தை வைத்து வரைந்து, 1841ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த படம் இது. ஏறத்தாழ 105 செ.மீ. உயரம், 140 செ.மீ. அகலம். அவருடைய பெரிய போர்க்களப் படங்களோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் கீழைத்தேய ஓவியங்களைப் பற்றிய விவாதம் முழுவதையும் இந்த ஒரு முற்றத்துக்குள் நடத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பிய ஓவியர்கள் துருக்கி, எகிப்து, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளை வரைந்து குவித்த படங்களில் நடனம் ஓயாமல் வருகிறது. தர்வேஷ்கள் எனப்படும் சூஃபித் துறவியரின் சுழற்சி, கல்யாண ஆட்டம், வாள் நடனம், காப்பிக்கடை ஆட்டம், அந்தப்புரத்தின் கற்பனை ஆட்டம். இவற்றை விளக்குகிறவர்கள் நெடுங்காலமாக இரண்டு அணிகளாக நிற்கிறார்கள். ஓவியர் நேரில் போனார், குறிப்பெடுத்தார், ஆகவே படம் ஓர் ஆவணம் என்பது முதல் அணி. படத்தில் தெரிவது கிழக்கு அல்ல, கிழக்கைக் கைப்பற்றிக்கொண்டிருந்த ஐரோப்பாவின் ஆசைதான் என்பது இரண்டாவது. இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே படம் வரைந்து முடிந்த பிறகுதான் தங்கள் கேள்வியைத் தொடங்குகின்றன. சடங்கு என்பது யாரும் நுழைந்துவிடக்கூடிய இடம் அல்ல. அதற்கு உரியவர்கள் உண்டு, வாசல் உண்டு, விருந்தினர் நிற்க வேண்டிய இடம் உண்டு. ஓவியரை யார் உள்ளே அழைத்தார்கள், எதுவரை விட்டார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று முதலில் கேட்டால் படம் வேறு மாதிரி பேசத் தொடங்குகிறது. தெலாக்ருவாவின் தாஞ்சியர் வாரங்கள் இதற்கு மிகச் சிறந்த சான்று.

பிரான்ஸ் 1830இல் அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. பக்கத்து நாடான மொரொக்கோவின் சுல்தான் முலாய் அப்துர் ரஹ்மானைச் சமாதானப்படுத்தவும், எல்லை விவகாரங்களைப் பேசித் தீர்க்கவும் ஷார்ல் தெ மொர்னே என்ற பிரபு தூதராக அனுப்பப்பட்டார். வழித்துணையாக ஓர் ஓவியரையும் கூட்டிப்போனார். அவர்தான் 33 வயது தெலாக்ருவா. 1832 ஜனவரியில் துலோன் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி அந்த மாத இறுதியில் தாஞ்சியர் வந்து சேர்ந்தார்கள். சுல்தானைப் பார்க்க மெக்னஸ் நகருக்குப் போக வேண்டும். நடுவில் ரமலான் வந்துவிட்டதால் பயணம் மார்ச் 5 வரை தள்ளிப்போனது. அந்தக் காத்திருப்பு வாரங்கள்தான் கலை வரலாற்றுக்குக் கிடைத்த கொடை.

நகரத்தில் அவருக்குப் படம் வரைவது எளிதாக இல்லை. தெருவில் நோட்டுப் புத்தகத்தை விரித்தால் முஸ்லிம்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுடைய வீடுகளின் உட்புறம் அந்நிய ஆணுக்கு மூடியே இருந்தது. திறந்தது ஒரு யூத வீடு. பிரெஞ்சுத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஆபிரகாம் பென்ஷிமோல் அவரைத் தம் வட்டத்துக்குள் கூட்டிச் சென்றார். பென்ஷிமோலின் மனைவி சாதாவும் மகள்களில் ஒருத்தியான பிரெசியாதாவும் தெலாக்ருவாவுக்காக அமர்ந்திருக்கிறார்கள். அந்த நீர்வண்ணப் படம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிப்ரவரி 21 அன்று ஒரு யூதக் கல்யாணத்துக்குப் போகும் வாய்ப்பும் இந்தத் தொடர்பால்தான் வாய்த்தது.

அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தைப் படிக்கும்போது ஓவியரின் கண் வேலை செய்யும் விதம் வியப்பூட்டுகிறது. வாசலில் யூதர்களும் மூர்களும் (மொரொக்கோ முஸ்லிம்கள்) கலந்து நிற்பதைக் குறிக்கிறார். உடனே வயலின் வாசிப்பவரின் கைக்குத் தாவுகிறார்: கட்டைவிரல் எங்கே இருக்கிறது, இன்னொரு கையின் அடிப்பக்கம் எவ்வளவு இருட்டு, தலையில் போர்த்திய துணி எந்த இடத்தில் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக இருக்கிறது, அமர்ந்திருக்கும் இருவருக்கும் இடையே உள்ள கருமை எப்படி இருக்கிறது. கல்யாணத்தின் பொருளைப் பற்றி அதிகம் இல்லை. அவர் அங்கே இனவரைவியல் செய்யவில்லை, ஒளியைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஆவண அணியினர் இந்தப் பக்கங்களைச் சான்றாகக் காட்டும்போது, அவை எதற்குச் சான்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்தைப் பற்றி அவர் வார்த்தையில் எழுதியது பின்னால். 1841 சலோன் பட்டியலில் படத்துக்குக் கீழே ஒரு சிறு விளக்கம் கொடுத்தார். மூர்களும் யூதர்களும் கலந்திருக்கிறார்கள். மணமகள் உள்ளறையில் அடைபட்டிருக்க, வீட்டின் மற்ற இடங்களில் கொண்டாட்டம் நடக்கிறது. மதிப்புமிக்க மூர்கள் இரவு பகலாக வாசித்துப் பாடும் இசைக்காரர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். பெண்கள் மட்டுமே முறை வைத்து ஆடுகிறார்கள் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு ஒரு பாரிஸ் இதழில் அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அதில் மணமகள் வருகிறாள். பல நாள் கொண்டாட்டம் நடக்கும்போது அவள் கண்ணை மூடி, அசையாமல் வீற்றிருக்க வேண்டும். பிறகு இரவில் கண் திறக்காமலேயே இருபுறமும் தாங்கப்பட்டுக் கணவன் வீட்டுக்கு ஊர்வலமாக அழைத்துச் செல்லப்படுவாள். ஆட்டத்தைப் பற்றியும் சொல்கிறார்: ஒருவர் பின் ஒருவராகவே ஆடுவார்கள், கால் அதிகம் நகராது, உடலும் கையும்தான் பேசும்.

ஆக, மணமகளை அவர் அறிவார். இருந்தும் படத்தில் வைக்கவில்லை. கண் மூடி அலங்காரத்தோடு வீற்றிருக்கும் பெண் அன்றைய பாரிஸுக்கு எவ்வளவு விற்பனையாகக்கூடிய காட்சி! அதை விட்டுவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்த ஒரு விருந்தாளியின் கண்ணுக்கு எது எட்டுமோ அதை மட்டும் வரைந்தார். ஓவியத்தின் மையம் சடங்கின் மையம் அல்ல என்பதை அவரே பட்டியலில் எழுதியும் வைத்தார். பார்வையாளருக்கு உரிமையில்லாத ஓர் அறை அந்த வீட்டில் இருக்கிறது என்ற அறிவு படத்துக்குள்ளேயே இருக்கிறது. இதை நான் ஒழுக்கம் என்றே சொல்வேன்.

இந்த ஒழுக்கத்தால்தான் ஆட்டமும் ஆட்டமாக இருக்கிறது. ஆடுகிறவள் நம்மைப் பார்த்து ஆடவில்லை. அவளுடைய பார்வையாளர்கள் படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். கூட்டத்தில் பலர் அவளைக் கவனிக்கவே இல்லை. தங்களுக்குள் ஏதோ பேசுகிறார்கள், வேறெங்கோ பார்க்கிறார்கள். கல்யாண வீடுகளின் உண்மை அது. நாள் முழுக்க நடக்கும் ஆட்டத்தை யாரும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஓவியத்தின் நடுவே இருப்பது பெண்ணுடல் என்பதைவிட, சுவரில் விழும் ஒளி என்றுதான் சொல்ல வேண்டும்; மனிதர்கள் அந்த ஒளியைச் சுற்றி நிழலில் கூடியிருக்கிறார்கள்.

நேரில் கண்டதற்கும் படத்துக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதை மறக்கக் கூடாது. 1853 அக்டோபரில் தம் நாட்குறிப்பில் தெலாக்ருவா இதைப் பற்றிச் சிந்திக்கிறார். சின்னச் சின்ன விவரங்களை மறந்து, மனத்தை உலுக்கிய பகுதி மட்டும் நினைவில் எஞ்சியபோதுதான் ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து தேறக்கூடிய படங்கள் தமக்குக் கைவந்தன என்கிறார். அதுவரை துல்லியத்தின் மேல் இருந்த மோகம் தம்மைத் துரத்தியது, பெரும்பாலோர் அதையே உண்மையென எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதுகிறார். ஓர் ஓவியர் தம் படத்தைப் பற்றித் தரும் வாக்குமூலமாக இதைப் படிக்க வேண்டும். யூதத் திருமணம் நினைவால் வடிகட்டப்பட்ட படம். அந்த வடிகட்டியில் ஐரோப்பியப் படிப்பும் இருந்தது. மொரொக்கோவிலிருந்து எழுதிய கடிதங்களில், பண்டைய ரோமர்களும் கிரேக்கர்களும் இங்கே தெருவில் உயிரோடு நடமாடுகிறார்கள் என்று அவர் பரவசப்படுகிறார். வெள்ளைப் போர்வையில் நிற்கும் மூர்களுக்கு அவர் தரும் நிமிர்வு அங்கிருந்து வருகிறது. புகழ்ச்சிதான், ஆனால் 1832இல் வாழ்ந்த மனிதர்களை 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் புகழ்ச்சி. சுல்தானோடு பேரம் பேச வந்த தூதுக்குழுவில் இருந்த ஒருவருக்கு, எதிரே இருப்பவர்கள் சமகால அரசியல் மனிதர்கள் என்பது தெரியாமலா இருக்கும்? தெரியும். படத்துக்கு அது தேவைப்படவில்லை.

அதே நகரம், அதே ஆண்டு, இன்னொரு சடங்கு. மெக்னஸில் அடங்கியிருக்கும் 16ஆம் நூற்றாண்டுச் சூஃபி ஞானி முகம்மது பின் ஈசாவின் வழியினர் ஈசாவியர். திக்ரு எனும் இறைநாம ஓதல், பாடல், தாளம், ஆட்டம் என்று படிப்படியாக ஏறி மெய்மறந்த நிலைக்குப் போவது அவர்களுடைய வழிபாட்டு முறை; நபி பிறந்தநாளை ஒட்டி மெக்னஸுக்கு யாத்திரை போவது அவர்களுடைய பெருவிழா. தாஞ்சியர் தெருவில் இவர்களின் ஊர்வலம் ஒன்றைத் தெலாக்ருவாவும் மொர்னேயும் மாடி அறையொன்றில் ஒளிந்துகொண்டு, மூடிய சன்னலின் இடுக்கு வழியாகப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. அதிலிருந்து பிறந்து 1838 சலோனில் வைக்கப்பட்ட படம் இப்போது அமெரிக்காவின் மினியாபொலிஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது. ‘தாஞ்சியரின் வெறியர்கள்’ என்ற பெயரால் அறியப்படுகிறது. கொடி, வெள்ளை ஆடை, பார்ப்பவரை நோக்கிப் பாயும் உடல்கள், முறுகிய முகங்கள். சலோன் பட்டியல் விளக்கமும் போதை, கூச்சல், ஆபத்தான செயல்கள் என்றே பேசியது.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வரைந்த கை ஒன்று, அரசியல் சூழல் ஒன்று, பிரெஞ்சு ஆணின் பார்வை ஒன்று. ஆனால் ஒரு சடங்கு இசையும் ஒழுங்கும் கொண்ட கூடல், மற்றது கட்டவிழ்ந்த வெறி. எது வேறுபடுகிறது? கல்யாண வீட்டில் அவருக்கு அருகில் பென்ஷிமோல் இருந்தார். யார் யாருக்குப் பணம் தருகிறார்கள், மணமகள் எங்கே என்று சொல்ல ஆள் இருந்தது. சன்னல் இடுக்கில் யாரும் இல்லை, அச்சம் இருந்தது. ஈசாவியர் ஊர்வலத்தின் படிநிலைகள், எந்த ஓதலுக்குப் பின் எந்தத் தாளம், மயக்க நிலையிலிருந்து ஒருவரைக் கைதாங்கி மீட்கும் முறை ஆகிய எதையும் அங்கிருந்து அறிய முடியாது. ஆனாலும் அந்தப் படத்தில்கூட ஊரார் மாடிகளிலும் ஓரங்களிலும் நின்று பார்க்கிறார்கள் என்பதை ஓவியரின் கண் தவறவிடவில்லை. அவர்களுக்கு அது தெரிந்த விழா. தலைப்பின் வெறியும் படத்தின் ஓரத்தில் நிற்பவர்களின் நிதானமும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஈசாவியர் இன்றும் மொரொக்கோவில் கல்யாண வீடுகளுக்கும் விழாக்களுக்கும் அழைக்கப்படுகிறார்கள். அவர்களைப் பற்றி அறிந்த ஒருவர் மினியாபொலிஸ் படத்தின் அருகில் விளக்கம் எழுதினால் அந்தத் தலைப்பு நெடுநாள் தாங்காது.

வாசலே திறக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு உதாரணங்கள் ஏராளம். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் கிழக்கு நாடு எதற்கும் போகாமலேயே தம் முதுமையில் ‘துருக்கிக் குளியல்’ (1862) ஓவியத்தை முடித்தார். 1717இல் துருக்கி சென்ற மேரி வோர்ட்லி மோன்டேகு சீமாட்டியின் கடிதங்களிலிருந்து அவர் குறிப்பெடுத்திருந்தார். படத்தின் பின்னணியில் ஒருத்தி ஆடுகிறாள். அந்த ஆட்டத்துக்கு ஊரும் இல்லை, நாளும் இல்லை. காலனிய அல்ஜீரியாவில் அஞ்சலட்டைப் புகைப்படக்காரர்கள் வீடுகளுக்குள் போக முடியாமல், ஸ்டுடியோவில் கூலிக்கு ஆள் பிடித்து அந்தப்புரம் போல் செட் போட்டு எடுத்ததை அல்ஜீரியக் கவிஞர் மாலெக் அலூலா 1981இல் ஒரு நூலாகவே எழுதினார். மறுக்கப்பட்ட வாசல்தான் அந்தப் படங்களைத் தயாரித்தது என்ற அவருடைய பார்வை, ஓவியங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ழான் லியோன் ழெரோமின் நிலைமை இன்னும் சிக்கலானது. அவர் எகிப்துக்கும் துருக்கிக்கும் பலமுறை போனவர், துணியின் மடிப்பையும் ஓட்டின் பளபளப்பையும் அசாத்தியத் துல்லியத்தோடு தீட்டியவர். அமெரிக்காவின் டேட்டன் கலைக்கூடத்தில் உள்ள அவருடைய ‘ஆல்மே நடனம்’ (1863) படத்தில், முரட்டுக் கூலிப்படை வீரர்கள் முன்னால் ஒருத்தி வயிறு தெரிய ஆடுகிறாள். எகிப்தில் ஆல்மே எனப்பட்டவர்கள் நல்ல குடும்பத்து வீடுகளுக்குப் பாட அழைக்கப்பட்ட பாடகியர். பொது இடத்தில் ஆடியவர்கள் கவாசி எனப்பட்ட வேறு கூட்டத்தார். ஆங்கில அறிஞர் எட்வர்ட் லேன் 1836இலேயே இந்த வேறுபாட்டை விரிவாக எழுதியிருந்தார். 1834இல் எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் அரசு ஆட்டக்காரிகளைக் கெய்ரோவிலிருந்து வெளியேற்றி மேல் எகிப்துக்கு அனுப்பியது. இந்த வரலாறு எதுவும் படத்தில் இல்லை. கல்யாணமோ குழந்தைப் பிறப்போ, ஆட்டத்துக்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியும் இல்லை. ஆடுகிறாள், ஆண்கள் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இவ்வளவு துல்லியமான படத்தில் சடங்கு முழுவதுமாக உதிர்ந்துவிட்டது. ழெரோம் ஓவிய வணிகர் கூப்பிலின் மருமகன். அவருடைய படங்கள் புகைப்படமாகவும் செதுக்குப் படமாகவும் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டன. பிரதி எடுக்கவே படம் வரைகிறார் என்று எழுத்தாளர் எமில் ஸோலா அன்றே சாடினார். அந்தச் சாடலில் நியாயம் இருக்கிறது.

1978இல் வெளியான எட்வர்ட் சயித்தின் ‘ஓரியண்டலிசம்’ நூலுக்கு ழெரோமின் ‘பாம்பாட்டி’ ஓவியம் அட்டைப்படமானது. ஆனால் அந்த நூல் ஓவியத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. கிழக்கை ஐரோப்பா எப்படிக் கற்பனை செய்தது என்ற அதன் கேள்வியை ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின். 1983இல் அவர் எழுதிய ‘கற்பனைக் கிழக்கு’ கட்டுரை இன்றுவரை எல்லோரும் திரும்பிப் போகும் இடம். இந்தப் படங்களில் எவை இல்லை என்று பாருங்கள் என்றார் அவர். வரலாறு இல்லை, ஐரோப்பியர் இல்லை, வரைந்த கையின் தடயம்கூட வழித்துத் துடைக்கப்பட்டிருக்கிறது. ‘பாம்பாட்டி’ படத்தின் சுவரில் உள்ள ஓடுகள் இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையைச் சேர்ந்தவை என்பது பின்னர் விரிவாக ஆராயப்பட்டது. அரண்மனைச் சுவரின் முன்னால் தெருவித்தை நடப்பதாகக் காட்டுவது ஸ்டுடியோவில் ஒட்டிச் செய்த உலகம். வரலாற்றாசிரியர் ஜான் மெக்கன்சி 1995இல் எதிர்வாதம் வைத்தார்: இந்த ஓவியர்களில் பலர் கிழக்கை உண்மையாகவே மதித்தார்கள், அதிலிருந்து கற்றார்கள் என்பது அவர் வாதம். எனக்கு நாக்லினின் முறை பெரிதும் உதவுகிறது. ஆனால் அவர் சொன்ன ‘இல்லாமை’ எல்லாப் படத்திலும் ஒரே வகை அல்ல. ழெரோம் படத்தில் சடங்கு இல்லாமல் போனது பறிப்பு. தெலாக்ருவா படத்தில் மணமகள் இல்லாமல் இருப்பது, வீட்டாரின் விதிக்கு ஓவியர் கொடுத்த மதிப்பு.

வாசல் விரியத் திறந்திருந்த இடமும் ஒன்று உண்டு. இஸ்தான்புல்லில் ஐரோப்பியத் தூதரகங்கள் நிறைந்த பேரா பகுதியில் 1491இல் நிறுவப்பட்டது மெவ்லவி தர்வேஷ்களின் மடம். வாலென்சியென் நகரில் பிறந்த ஓவியர் ழான் பத்தீஸ்த் வான்மூர் 1699இல் பிரெஞ்சுத் தூதர் ஃபெரியோலோடு அங்கு வந்து, 1737இல் இறக்கும்வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். மடத்தின் உள்ளே தர்வேஷ்கள் சுழலும் காட்சியை வரைந்தார். டச்சுத் தூதர் கால்கூனுக்காக அவர் வரைந்தவை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. உயர்ந்த கம்பளித் தொப்பி கல்லறைக் கல், கறுப்பு மேலங்கி புதைகுழி, வெள்ளைப் பாவாடை சவத்துணி. மேலங்கியைக் கழற்றி எழுவது மறுபிறப்பு. வலக்கை மேலே ஏந்த, இடக்கை கீழே கவிந்திருக்க, நான்கு சலாம்களாகச் சுழற்சி நடக்கும். வான்மூர் படத்தில் இந்த ஒழுங்கு புலப்படுகிறது, கூடத்தின் அமைப்பும் தெளிவு. அவருடைய படங்களிலிருந்து செதுக்கி 1714இல் பாரிஸில் வெளியிடப்பட்ட தொகுப்பில், தர்வேஷ்கள் சுழலும் இசையின் சுரக்குறிப்பையும் சேர்த்தார்கள். பார்த்ததோடு நில்லாமல் கேட்கவும் முயன்ற அபூர்வ முயற்சி அது.

வாசல் திறந்திருப்பதற்கும் ஒரு விலை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பேரா மடம் சுற்றுலாக்காரர்களின் பட்டியலில் இடம்பிடித்தது. கோத்தியே, ஆண்டர்சன் என்று எழுத்தாளர்கள் வரிசையாக வந்து பார்த்து எழுதினார்கள். 1925இல் துருக்கிக் குடியரசு 677ஆம் எண் சட்டத்தால் மடங்களை மூடியது. 1950களில் கொன்யாவில் பண்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில் சுழற்சி திரும்பி வந்தது; 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. யார் அனுமதிக்கிறார்கள் என்பது குருவிடமிருந்து அரசுக்கும், அரசிடமிருந்து உலக அமைப்புக்கும் மாறியிருக்கிறது.

அனுமதி இருந்தால் எல்லாம் சரி என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுமதிக்குப் பின்னால் அதிகாரம் இருக்கிறது. பென்ஷிமோல் தூதரகத்தின் ஆள். தூதர் கூட்டிவந்த விருந்தாளியை மறுக்கும் நிலையில் அவர் இருந்திருப்பாரா? மொரொக்கோ யூதர்கள் சுல்தானின் பாதுகாப்பில் வரி செலுத்தி வாழ்ந்த இரண்டாம் நிலைக் குடிகள். தூதரகத் தொடர்பு அவர்களில் சிலருக்குக் கவசம், அதே நேரம் சந்தேகத்துக்கும் காரணம். முஸ்லிம் வீடு மூடியிருந்து யூத வீடு திறந்திருந்ததில் இந்த ஏற்றத்தாழ்வுக்கும் பங்குண்டு. தெலாக்ருவா விருந்துண்டு திரும்பிய 12 ஆண்டுகளில், 1844 ஆகஸ்டில், பிரெஞ்சுக் கடற்படை தாஞ்சியர் மேல் குண்டு வீசியது. மறு ஆண்டே அவர் தம் பிரம்மாண்டமான சுல்தான் ஓவியத்தைச் சலோனில் வைத்தார். அதில் போரின் சுவடு இல்லை. இவற்றைச் சொல்லாமல் முற்றத்தின் ஒளியை மட்டும் வியப்பது அரைப் படிப்பு.

ஆனால் அந்த முற்றத்தில் மூர்களும் யூதர்களும் கலந்து அமர்ந்திருந்தார்கள் என்பதும், அது நோன்பு மாதம் என்பதும் உண்மை. அந்தலூசிய இசை மரபு இரு சமூகத்துக்கும் பொதுச் சொத்து. முஸ்லிம் பெரியவர் யூதக் கல்யாணத்தின் இசைக்காரருக்குப் பணம் தருவது ஓவியரின் கற்பனை அல்ல. நாட்டில் நிலவிய உறவு. காலமற்ற கிழக்கு என்ற குற்றச்சாட்டுக்கு இந்தப் படம் முழுவதும் பிடிகொடுக்காததற்கு இதுவே காரணம்.

ஆண் ஓவியருக்குத் திறக்காத வாசல் பெண்ணுக்குத் திறந்தது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். பிரெஞ்சுப் பெண் ஓவியர் ஹென்ரியெட் பிரவுன் 1861 சலோனில் வைத்த இஸ்தான்புல் அந்தப்புரப் படத்தில் பெண்கள் முழு ஆடையோடு ஒரு விருந்தாளியை வரவேற்கிறார்கள்; வேறொன்றும் நடக்கவில்லை. பார்த்தவர்கள் திகைத்தார்கள். பிரெஞ்சு ஓவியர் எத்தியேன் தினே இன்னொரு திசையில் போனார்: அல்ஜீரியாவின் பூ சாதாவில் தங்கி, இஸ்லாத்தைத் தழுவி, நஸ்ருத்தீன் என்று பெயர் மாற்றி, அங்கேயே அடக்கமானார். விடுதலை பெற்ற அல்ஜீரியா அவரைத் தன் ஓவியராகவே கொண்டாடுகிறது. ஆனால் அவர் வரைந்த ஊலத் நாயில் குலத்து ஆட்டக்காரிகளைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. உள்ளே குடியேறியவருக்கும் கேள்விகள் உண்டு.

இந்தக் கதையில் தமிழகத்துக்கும் ஓர் உண்மையான இடம் இருக்கிறது. ‘வெறியர்கள்’ ஓவியம் சலோனில் வைக்கப்பட்ட அதே 1838இல், கடலூர் அருகே உள்ள திருவந்திபுரத்திலிருந்து தேவதாசியர் குழு ஒன்று தன் இசைக்காரர்களோடு பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டது. கோயிலில் ஆடியவர்கள் வாரியேத்தே அரங்க மேடையில் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்பவரைப் பற்றிக் கோத்தியே உருகி உருகி எழுதினார். சிற்பி பார் வெண்கலச் சிலை வடித்தார். சலோன்களில் தெலாக்ருவாவைப் புகழ்ந்து எழுதிய விமர்சகரும் இதே கோத்தியேதான். பாரிஸ் ரசிகர்கள் ஓப்பராவிலும் பாலேயிலும் ஏற்கெனவே ஒரு ‘பயதேர்’ (இந்தியக் கோயில் ஆட்டக்காரி) உருவத்தைப் படைத்து வைத்திருந்தார்கள். வந்தவர்களை அந்த அளவுகோலால்தான் அளந்தார்கள். இங்கே ஓவியர் சடங்கின் வாசலுக்குப் போகவில்லை. சடங்கைச் செய்பவர்கள் தங்கள் வாசலிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டார்கள். தாஞ்சியர் முற்றத்தின் அருமை இந்தப் பின்னணியில்தான் முழுதாக விளங்குகிறது: அங்கே ஆடியவள் தன் ஊரில், தன் மக்களுக்கு நடுவில் இருந்தாள்.

படத்தின் பிற்காலமும் விளக்கத்தில் சேர்த்தி. விலை அதிகம் என்று முதலில் கேட்டவர் கைவிட, ஓர்லியான் கோமகன் வாங்கி லக்சம்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஓவியர் ரெனுவார் 1875இல் அதைப் பிரதி செய்தார். அவருக்கு அது வெள்ளைச் சுவருக்குள் எத்தனை நிறங்கள் ஒளிந்திருக்கும் என்ற பாடம். பிரெஞ்சு ஓவிய வரலாறு வெகுகாலம் அந்தப் பாடத்தோடு நின்றுகொண்டது. பிறகு மொரொக்கோ மாறியது. 1948 வாக்கில் அங்கே சுமார் 2,50,000 யூதர்கள் இருந்தார்கள். அடுத்த 20 ஆண்டுகளில் பெரும்பாலோர் இஸ்ரேல், பிரான்ஸ், கனடா என்று போய்விட, இன்று எஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர். ஓவியம் இப்போது புலம்பெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு நினைவுப் பொருள். தங்கள் முன்னோரின் கல்யாணத்தை வரைந்த இவ்வளவு புகழ்பெற்ற வேறொரு படம் அவர்களுக்கு இல்லை.

இந்த வழித்தோன்றல்கள் விளக்கத்துக்குக் கொண்டுவருவது பெரிது. கல்யாணத்துக்கு முந்திய இரவில் மணப்பெண் தங்கச் சரிகை வேய்ந்த வெல்வெட் பெர்பெரிஸ்கா உடை அணிந்து வீற்றிருக்க, பெண்கள் சூழ்ந்து பாடும் வழக்கம் தாஞ்சியர், தெத்துவான் குடும்பங்களில் புலம்பெயர்ந்த பிறகும் தொடர்கிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பாடல்கள் ஹக்கேத்தியா எனப்படும் அவர்களுடைய ஸ்பானியப் பேச்சில் உள்ளன. தெலாக்ருவா எழுதிய அசையாத மணமகள் யார், பெண்கள் ஏன் முறை வைத்து ஆடுகிறார்கள், எந்த நாளின் எந்த நிகழ்ச்சி அந்த முற்றத்தில் நடக்கிறது என்பதைக் கலை வரலாற்றாசிரியரைவிட அந்தப் பாடல்களை அறிந்த ஒரு பாட்டியால் நன்றாகச் சொல்ல முடியும். காசாபிளாங்காவில் 1997இல் திறக்கப்பட்ட மொரொக்கோ யூத அருங்காட்சியகம் இத்தகைய உடைகளையும் பொருள்களையும் காத்துவருகிறது. லூவ்ரின் ஓவியமும், நியூயார்க்கில் உள்ள சாதா, பிரெசியாதா படமும், தெலாக்ருவாவின் 1832 குறிப்பேட்டுப் பக்கங்களும், பெர்பெரிஸ்கா உடை ஒன்றும், அந்தப் பாடல்களின் ஒலிப்பதிவும் ஒரே அறையில் வைக்கப்பட்டு, விளக்கப் பலகையைத் தாஞ்சியர் குடும்பத்துப் பெண்கள் எழுதும் கண்காட்சி ஒன்று நடக்க வேண்டும். அதற்குப் பக்கத்து அறையில் ‘வெறியர்கள்’ ஓவியத்தை மாட்டி, அதன் பலகையை எழுத மெக்னஸ் ஈசாவியர்களை அழைக்க வேண்டும்.